மெக்கன்சி: ஒரு குடும்பப் பெயரின் மூலமும் பொருளும்

போன வருஷம் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஓர் அன்பர் மெக்கன்சி சுவடிகளைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சு. நடுவிலே, "மெக்கன்சி என்ற பெயரிலேயே நம் தமிழ் ஒளிந்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பெயருக்கு முன்னால் போடும் மெக், மேக் எல்லாம் நம்முடைய 'மகன்' தான்" என்று ஒரு போடு போட்டார். அரங்கமே கைதட்டியது. நானும்தான் தட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. நாற்பது வருஷம் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தவன் நான். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கிறது என்று எடை போடாமல் சரக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தப் பெயரை எடுத்து, கிடைத்த புத்தகங்களை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

பெயருக்குப் போகும் முன் ஆளைப் பற்றி நாலு வரி. கர்னல் கொலின் மெக்கன்சி 1783 இல் சென்னைக்கு வந்தவர். கும்பெனிப் படையில் பொறியாளராக இருந்து, மைசூர் நில அளவையை நடத்தி, 1815 இல் இந்தியா முழுமைக்குமான முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1821 இல் கல்கத்தாவில் காலமானார். அளக்கப் போன இடத்தில் எல்லாம் ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படி, ஊர்க் கைபீது என்று சேர்த்தார். அதில் ஒரு பெரும் பகுதி இன்றைக்கும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. தொண்டை மண்டலத்துச் சமணர்களைப் பற்றிய கைபீதுகளும் அதில் உண்டு. 'ஏசியாடிக் ரிசர்ச்சஸ்' ஒன்பதாம் தொகுதியில் அவர் பெயரால் வந்த சமணர் பற்றிய குறிப்பு, அவருடைய உதவியாளர் காவலி வெங்கட போரய்யா ஒரு சமண ஆசாரியரிடம் கேட்டு மொழிபெயர்த்துக் கொடுத்தது. 1816 இல் தாமஸ் ஹிக்கி வரைந்த படத்தில் மெக்கன்சி சிவப்புச் சட்டையோடு நிற்கிறார். கூடவே மூன்று இந்தியர்கள். ஓலைச்சுவடியோடு நிற்பவர் சமணப் பண்டிதர் தருமய்யா என்று கருதுகிறார்கள். பின்னால் தூரத்தில் கோமடேசுவரர் சிலை தெரியும். எங்களைப் போன்ற தமிழ்ச் சமணர் வீட்டில் இந்தப் படத்துக்குத் தனி மரியாதை இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

சரி, பெயர். இது ஆங்கிலப் பெயர் அல்ல. ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைகளிலும் தீவுகளிலும் பேசப்படுகிற கேலிக் மொழிப் பெயர். அங்கே இதன் சொந்த உருவம் இரண்டு சொல். முதல் சொல் 'மாக்', அதாவது மகன். இரண்டாவது சொல் ஓர் ஆளின் பெயர். எழுத்தில் எப்படி இருந்தாலும் காதில் அது 'கோஞஹ்' என்று விழும். 'கோஞஹ் என்பவனுடைய' என்று வேற்றுமையில் சொன்னால், நம் மரம் மரத்து ஆவது போல, கடைசி மாறி 'கோஞிஹ்' ஆகும். ஆக 'மாக் கோஞிஹ்' என்றால் கோஞஹ் என்பவனுடைய மகன். அவ்வளவுதான் மெக்கன்சி.

அந்தக் கோஞஹ் யார், அவன் பெயருக்கு என்ன பொருள்? பழைய கேலிக்கில் இதன் வடிவம் 'கெய்னெக்'. அழகன், வனப்புடையவன் என்று பொருள் சொல்கிறார்கள். 6 ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயரில் அயர்லாந்தில் ஒரு புனிதர் இருந்தார். அங்கேயுள்ள கில்கென்னி நகரத்தின் பெயருக்கே 'கெய்னெக் கோயில்' என்றுதான் அர்த்தம். அந்தப் புனிதரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் ஸ்காட்லாந்திலும் பரவியது. நம் ஊரில் அழகப்பன், சுந்தரம் என்று சாமி பெயரை வைக்கிற மாதிரி.

இதிலே இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, கேலிக்கில் இதே மாதிரி ஒலிக்கிற இன்னொரு சொல் உண்டு. ஓர் உயிரெழுத்து மட்டும் நீளம். அதற்குப் பொருள் பாசி! ஈரப் பாறையில் படர்கிற பாசிதான். காதை மட்டும் நம்பினால் 'பாசி மகன்' என்று எழுதிவிட்டுப் போகலாம். இரண்டாவது, கோஞஹ் என்ற பெயரை ஆங்கிலத்தில் 'கென்னத்' என்று எழுதினார்கள். ஸ்காட்லாந்தின் பழைய அரசன் கென்னத் மாக் ஆல்பின், 858 இல் இறந்தவன், அவனும் ஆங்கில எழுத்தில் கென்னத்தான். உடனே 'மெக்கன்சிகள் அந்த ராஜாவின் வம்சம்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த அரசனின் கேலிக் பெயர் கினேத். அது வேறு சொல், வேறு வேர். இரண்டு தனிப் பெயர்களை ஆங்கிலம் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டது.

இப்போது நம் அன்பர் சொன்ன 'மகன்' விஷயத்துக்கு வருகிறேன். 'மாக்' என்றால் மகன் என்பது சரி. ஒலியும் பக்கத்தில் இருக்கிறது, பொருளும் ஒன்றாக இருக்கிறது. அப்புறம் என்ன சந்தேகம் என்று கேட்பீர்கள். சொல்லின் பழைய உருவத்தைப் பார்க்க வேண்டும். அயர்லாந்தில் ஏறக்குறைய 4 ஆம் நூற்றாண்டு முதல் கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டிய கல்வெட்டுகள் கிடைக்கின்றன. ஓகம் எழுத்து என்று பெயர். பெரும்பாலும் நம் நடுகல் மாதிரி ஆளின் பெயரைத் தாங்கிய கற்கள்தான்: 'இன்னார் மகன் இன்னாருடையது'. அவற்றில் இந்தச் சொல்லுக்கு நடுவில் வருவது வெறும் ககரம் இல்லை. ககரமும் வகரமும் சேர்ந்த 'க்வ' என்ற ஒலிக்குத் தனியாக ஓர் எழுத்து இருந்தது; அதைப் போட்டு 'மக்வி' என்று வெட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மொழியான வேல்ஸ் மொழியில் இந்த 'க்வ' பகரமாக மாறிவிட்டது. அதனால் அங்கே மகனுக்கு 'மாப்', பேச்சில் தேய்ந்து 'ஆப்'. ஆப் ஹவெல் என்பதுதான் பாவெல் ஆனது, ஆப் ரீஸ் என்பதுதான் பிரைஸ் ஆனது. கேலிக்கிலும் வேல்ஸிலும் ஒரே சொல், இரண்டுக்கும் தாய் 'க்வ'. நம் 'மக' என்ற சொல்லில் இந்த வகரம் எங்கேயும் கிடையாது. மக, மகவு, மகள், மக்கள் என்று அது தன் சொந்தக் குடும்பத்தோடு தனியாக வளர்ந்த சொல். ஆகவே கை தட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தமிழுக்குப் பெருமை சேர்க்க நம்மிடம் கலப்படம் இல்லாத சரக்கே நிறைய இருக்கிறது.

ஆனால் இந்தப் பெயருக்குள் ஒரு தமிழ் எழுத்து உண்மையிலேயே பொருந்தி உட்காரும் இடம் ஒன்று உண்டு. அது வேறு கதை, எனக்கு மிகவும் பிடித்த கதையும் அதுதான்.

கோஞிஹ் என்பதில் நடுவே வருவது நம் ஞகரம். ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு எழுத்து இல்லை. ஸ்காட்லாந்தின் தெற்கே, தாழ்நிலத்தில் இருந்த எழுத்தர்கள் ஆங்கிலத்துக்குத் தங்கை போன்ற ஸ்காட்ஸ் மொழியில் பத்திரம் எழுதினார்கள். மலைநாட்டுக் கேலிக் பெயர்களை அவர்கள் காதால் கேட்டு எழுத வேண்டியிருந்தது. அவர்களிடம் அப்போது ஓர் எழுத்து இருந்தது. பார்க்க நம் 3 என்ற எண்ணைப் போல இருக்கும். 'யோக்' என்று பெயர். யகரம் போன்ற ஒலிக்கு அதைப் போடுவார்கள். ஞகரத்தைக் காட்ட னகரத்துக்குப் பக்கத்தில் இந்த யோக்கை எழுதினார்கள். ஏறக்குறைய 'மக்கென்யி' என்று வாசிக்க வேண்டும். கையெழுத்தில் இந்த யோக்கும், வால் போட்டு எழுதுகிற இசட் எழுத்தும் பார்க்க ஒரே மாதிரி.

பிறகு அச்சு வந்தது. எடின்பரோவில் 1508 இல் முதல் புத்தகங்கள் அச்சாயின. அச்செழுத்துகள் ஐரோப்பியப் பெருநிலத்து வழக்கப்படி வார்த்தவை. அந்தப் பெட்டியில் யோக் இல்லை. அச்சுக்கோப்பவர் என்ன செய்வார்? பார்க்க ஒரே மாதிரி இருந்த இசட்டை எடுத்து வைத்தார். அவருக்கு அது இசட் அல்ல, யோக்குக்குப் பதில் ஆள். ஊர்க்காரர்கள் பழையபடியே 'மக்கிங்கி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பெயரைக் காதால் கேட்காமல் காகிதத்தில் மட்டும் பார்த்தவர்கள் பெருகப் பெருக, இசட்டை இசட்டாகவே வாசித்தார்கள். மெக்கன்ஸி பிறந்தது அப்படித்தான். கடைசியில் அந்தக் குடும்பத்தாரின் நாக்கையே எழுத்து திருத்திவிட்டது. எல்லாப் பெயருக்கும் இப்படி ஆகவில்லை. டல்சீல் என்று எழுதி 'டீயெல்' என்று வாசிக்கிற குடும்பம் இன்றும் உண்டு. மென்சீஸ் என்று எழுதி 'மிங்கிஸ்' என்று சொல்கிறவர்கள் உண்டு. (மென்சீஸ் கேலிக் பெயர் அல்ல, நார்மன் பெயர்; யோக் பட்ட பாடு மட்டும் ஒன்று.)

நம் நெடுங்கணக்கில் ஞகரம் பத்திரமாக இருக்கிறது. இருந்தும் நாம் அந்தப் பெயரை ஆங்கிலத்தின் வழியாக வாங்கினோம். இசட்டுக்கு எழுத்து இல்லாமல் சகரம் போட்டு 'மெக்கன்சி' என்றோம். ஞகரம் யோக்காகி, யோக் இசட்டாகி, இசட் சகரமாகி நம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று கை மாறிய சரக்கு. இனிமேல் மாற்றவும் முடியாது. 'மெக்கன்சி சுவடிகள்' என்று ஊன்றிப் போய்விட்டது.

இனி, இந்தப் பெயர் எப்படிக் குடும்பப் பெயர் ஆனது என்பது. வெளிமாநிலத்தில் இருக்கிற நமக்கு இதுதான் முக்கியம். எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். இனிஷியலைச் சொன்னால் குமாஸ்தா நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். கேலிக்காரர்களும் ஆதியில் நம்மைப் போலத்தான். அப்பா பெயர் கோஞஹ் என்றால் பிள்ளை மாக் கோஞிஹ். அந்தப் பிள்ளையின் பெயர் முர்ஹக் என்றால் அவன் பிள்ளை முர்ஹக்கின் மகன். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும், நம் இனிஷியல் மாறுவது போல. மகளுக்கு 'மாக்' கிடையாது. 'நிக்' என்று வேறு முன்னொட்டு. கேலிக் பேசுகிற பெண் இன்றைக்கும் நிக் கோஞிஹ் தான். அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு மெக்கன்சி என்று பெயர் வைக்கிறார்களே, அதைக் கேட்டால் ஒரு கேலிக் பாட்டிக்குச் சிரிப்பு வரும். 'இன்னான் மகன்' என்பது பெண்ணுக்குப் பெயர்!

ஒரு கட்டத்தில் இந்த ஓட்டம் நின்றது. புகழ்பெற்ற ஒரு மூதாதையின் பெயரில் குலம் நின்றுவிட்டது. கின்டெயில் பகுதியில் இருந்த ஒரு கோஞஹ், அவன் வழி வந்தவர்கள் எல்லாம் அவனுக்கு 'மகன்'கள். அதோடு போகவில்லை. நிலம் குலத் தலைவர் கையில் இருந்தது. குடிகளும் அவர் பெயரையே தாங்கள் போட்டுக்கொண்டார்கள். பாதுகாப்புக்கு ஒன்று, குத்தகைக்கு ஒன்று. ஆகவே மெக்கன்சி என்று பெயர் உள்ளவர் எல்லாம் ஒரே ரத்தம் என்று நினைத்தால் தப்பு. பெயரை விட்டுவிடவும் நேரிட்டது. மெக்கிரிகர் குலத்தின் பெயரையே 1603 இல் அரசாணை போட்டு ஒழித்தார்கள். வைத்துக்கொண்டால் மரண தண்டனை. கடைசித் தடை நீங்கியது 1774 இல். நடுவிலே அவர்கள் வேறு வேறு குடும்பப் பெயர்களில் ஒளிந்து வாழ்ந்தார்கள்.

நம் கர்னலின் ஊர் லூயிஸ் தீவில் உள்ள ஸ்டோர்னோவே. அந்தத் தீவு முன்பு மெக்லியாட் குலத்தின் சொத்து. மெக்லியாட் என்றால் லியாட் மகன். லியாட் என்பது வடகடல் நார்ஸ் மக்களின் பெயர், பொருள் 'அவலட்சணமானவன்'. 1610 இல் தீவு கின்டெயில் மெக்கன்சிகள் கைக்கு வந்தது. அவலட்சணன் மகன் போய் அழகன் மகன் வந்தான் என்று நான் வீட்டில் சொல்லிச் சிரிப்பதுண்டு. அதே தீவு மரபில் வந்த இன்னொரு பெயர் நமக்கெல்லாம் தெரிந்த மெக்காலே. அதுவும் நார்ஸ் பெயர்தான், ஓலாஃப் மகன்.

கொலினின் தந்தை முர்டாக் மெக்கன்சி ஒரு வியாபாரி. ஸ்டோர்னோவேயின் முதல் தபால் அதிகாரியும் அவரே. முர்டாக் என்பது மேலே சொன்ன முர்ஹக்கின் ஆங்கில வேஷம். ஆக பழைய கேலிக் முறைப்படி நம் கர்னல் மெக்கன்சியே அல்ல, முர்ஹக் மகன் கொலின். நம் முறைப்படி எழுதினால் மு. கொலின்! லூயிஸ் கிராமங்களில் இந்த முறை சாகவில்லை. ஒரே ஊரில் நாலைந்து குடும்பப் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும் என்பதால், ஆளை அடையாளம் சொல்ல அவன் பெயர், அப்பன் பெயர், பாட்டன் பெயர் என்று வரிசையாகச் சொல்வார்கள். குடும்பப் பெயர் காகிதத்துக்கு. இந்த வரிசை ஊருக்கு.

குலப் பெருமையின் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 17 ஆம் நூற்றாண்டில் மெக்கன்சி பெரியவர்களுக்குத் தங்கள் மூலம் வெறும் மலைநாட்டு கேலிக்காரன் என்பது போதவில்லை. அயர்லாந்திலிருந்து வந்த கொலின் ஃபிட்ஜெரால்டு என்ற நார்மன் பிரபுதான் எங்கள் மூதாதை, வேட்டையில் கலைமானிடமிருந்து அரசன் மூன்றாம் அலெக்சாண்டரைக் காப்பாற்றி கின்டெயிலைப் பரிசாகப் பெற்றான் என்று வம்ச வரலாறு எழுதினார்கள். அதற்கு ஒரு பழைய பட்டயமும் காட்டினார்கள். 1786 இல் குலத் தலைவர் பணம் கொடுத்து பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியரிடம் இந்தக் காட்சியை வரையச் சொன்னார். பன்னிரண்டு அடி உயரம், பதினேழு அடி அகலம். எடின்பரோ தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் ஸ்கீன் முதலான அறிஞர்கள் அந்தப் பட்டயம் நம்பத் தகாதது என்று காட்டினார்கள். 1467 ஆம் ஆண்டைச் சேர்ந்த கேலிக் கையெழுத்துச் சுவடி ஒன்றில் இந்தக் குலத்தின் தலைமுறை வரிசை இருக்கிறது. அதில் ஃபிட்ஜெரால்டு இல்லை. எல்லாம் கேலிக் வழிதான். பதினேழு அடிப் படத்தை ஓர் ஓலை மாதிரியான பழைய ஏடு தோற்கடித்தது. நம் நாட்டுப் பாளையக்காரர் வம்சாவளிகளைப் புரட்டி, இது சூரிய வம்சம், இது சந்திர வம்சம் என்று எழுதியிருப்பதைப் படித்தபோது கர்னலுக்குத் தன் குலக்கதை நினைவுக்கு வந்திருக்குமோ என்னவோ.

எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. என் தகப்பனார் பெயர் அப்பாண்டை நயினார். திருநறுங்கொண்டையில் உள்ள பார்சுவநாதரின் பெயர் அப்பாண்டைநாதர். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பார்கள். அப்பன், ஆண்டை என்ற இரண்டு சொல் சேர்ந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வடக்கே வந்து என் மகனைப் பள்ளியில் சேர்த்தபோது குமாஸ்தா சர்நேம் இல்லாமல் விட மாட்டேன் என்றார். நான் தகப்பனார் பெயரைச் சொன்னேன். அவர் காதில் எப்படி விழுந்ததோ, அவர் அதுவரை அறிந்த பெயர்ப் பெட்டியில் அப்பாண்டை இல்லை. 'ஏ. பாண்டே' என்று எழுதினார். நானும் அவசரத்தில் கவனிக்கவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அது ஏறி, கல்லூரியில் ஏறி, பாஸ்போர்ட்டில் ஏறி, இப்போது என் பேரன் பிறப்பிலேயே பாண்டே. அவனை உத்தரப் பிரதேசத்துப் பிராமணப் பிள்ளை என்று நினைத்து வகுப்பில் ஊர் விசாரிக்கிறார்களாம்.

இந்தக் கட்டுரைக்காக நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது பேரன் பக்கத்தில் உட்கார்ந்து யோக் கதையைக் கேட்டான். நல்ல சமயம் என்று, "நம் பெயரையும் திருத்திவிடலாம்டா, அஃபிடவிட், இரண்டு பத்திரிகை விளம்பரம், கெஜட், அவ்வளவுதான் செலவு" என்றேன். "மெக்கன்சி வீட்டுக்காரங்க இசட்டைத் திருத்தினாங்களா தாத்தா?" என்று கேட்டான். இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அவன் பெயருக்குப் பின்னால் நிற்கும் ஆள் யார் என்றாவது தெரிந்திருக்கட்டும் என்று, என் தகப்பனார், அவர் தகப்பனார், அவருக்கும் மேலே இரண்டு பேர் என்று எனக்குத் தெரிந்த வரிசையைத் தமிழில் எழுதி அவன் நோட்டில் ஒட்டியிருக்கிறேன். அஃபிடவிட் காகிதம் மேஜை டிராயரில் இருக்கிறது. என் மகன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.